பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? கடைக்குத் தூக்கும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

எங்கள் வீடு குளச்சலுக்கும் மணவாளக்குறிச்சிக்கும் நடுவில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. 2012இல் அப்பா வாங்கிய கம்ப்யூட்டர் இன்னமும் வீட்டில் ஓடுகிறது. இரண்டாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் அது விண்டோஸ் லோகோ வரை வந்துவிட்டு நீலத் திரையைக் காட்டி ரீஸ்டார்ட் ஆனது. மறுபடி லோகோ, மறுபடி நீலம். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். "விண்டோஸ் போச்சு சார், ஃபார்மட் பண்ணினா செரியாயிடும். சி டிரைவ் மட்டும்தான், டி-யில உள்ளது அப்படியே இருக்கும்" என்றார் கடைப் பையன். தலையாட்டினேன். 600 ரூபாய்.

வீட்டுக்கு வந்து போட்டால் கம்ப்யூட்டர் நன்றாக ஓடியது. ஆனால் அப்பா எட்டு வருடமாக டெஸ்க்டாப்பில் வைத்து எழுதி வந்த தேங்காய் வெட்டுக் கணக்கு இல்லை, அக்கா கல்யாண போட்டோ இல்லை, வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் இல்லை. டெஸ்க்டாப்பும் டாக்குமெண்ட்ஸும் டவுன்லோட்ஸும் சி டிரைவுக்குள்தான் இருக்கின்றன என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அப்பா கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு, "போட்டு மக்கா, வெட்டின தேங்காயா திரும்ப வரப் போவுது" என்று எழுந்து போனார். திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை.

அன்றைக்கு உண்மையில் கெட்டுப்போயிருந்தது ஒரு 40 ரூபாய் பேட்டரி. விண்டோஸுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அது எப்படி என்று 5-ஆம் படியில் சொல்கிறேன். போன ஐப்பசியில் அதே கம்ப்யூட்டர் மறுபடி மக்கர் செய்தபோது கடைக்குப் போகவில்லை, இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து வீட்டிலேயே சரிசெய்தேன். அந்த வரிசையைத்தான் எழுதுகிறேன். டெஸ்க்டாப் கம்ப்யூட்டருக்கானது. லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு 8-இல் இருந்து உதவும்.

1. முதலில் இவற்றை எடுத்து வையுங்கள்

ஸ்டார் முனை ஸ்க்ரூடிரைவர் ஒன்று, பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பர், பழைய பெயின்ட் பிரஷ், டார்ச், 8 ஜிபி பென் டிரைவ். மல்டிமீட்டர் இருந்தால் நல்லது. 250, 300 ரூபாய்க்குச் சாதாரண மீட்டர் கிடைக்கிறது, வீட்டு வேலைக்கு அது போதும்.

தாள்களும் முக்கியம். கம்ப்யூட்டர் வாங்கிய பில், பிறகு மாற்றிய பாகங்களின் பில் எதுவும் இருந்தால் தேடி எடுங்கள். கம்ப்யூட்டர் பழையதாக இருந்தாலும் போன வருடம் மாற்றிய ரேமுக்கோ எஸ்எஸ்டிக்கோ (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிஸ்க்) வாரண்டி ஓடிக்கொண்டிருக்கலாம். கேபினட்டின் பக்கத்திலோ மேலோ விண்டோஸ் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதிலுள்ள 25 எழுத்து எண்ணை இப்போதே போனில் படம் எடுங்கள். எங்கள் ஸ்டிக்கரில் பாதி எழுத்து அழிந்துவிட்டது, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துத்தான் படிக்க முடிந்தது.

கேபினட்டைத் திறந்ததும் எதையும் பிடுங்கும் முன்பு உள்ளே நாலு பக்கமும் படம் எடுங்கள். எந்த வயர் எங்கே இருந்தது என்பது பத்து நிமிடத்தில் மறந்துவிடும்.

2. எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள்

"ஆன் ஆகவில்லை" என்று நாம் சொல்வது நாலைந்து வேறு வேறு நோய். பட்டனை அமுக்கிவிட்டு ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள்.

லைட்டும் இல்லை, ஃபேனும் சுற்றவில்லை என்றால் கரண்ட் பக்கம், அதாவது 3 அல்லது 6. ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு, அல்லது பீப் பீப் என்று கத்துகிறது என்றால் பெரும்பாலும் ரேம், 4-க்குப் போங்கள். கம்பெனி லோகோ வந்து அதிலேயே நிற்கிறது, அல்லது தேதி தப்பு, எஃப்1 அமுக்கு என்கிறது என்றால் 5. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் பூட் டிவைஸ் இல்லை என்கிறது என்றால் 8. விண்டோஸ் லோகோவுக்கு அப்புறம் நீலத் திரை என்றால் முதலில் 5, பிறகு 8, அதற்கும் பிறகுதான் 9. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

திரையில் என்ன எழுத்து வந்தாலும் போனில் படம் எடுங்கள். வேகமாக ஓடி மறைந்தால் வீடியோ எடுத்து நிறுத்திப் பாருங்கள். மூன்று வருடம் முன்பு நான் எடுத்திருந்தால் அந்த நீலத் திரையில் 7பி என்று முடிகிற ஒரு எண் இருந்திருக்கும், அதைத் தேடிப் பார்த்திருந்தாலே விஷயம் முடிந்திருக்கும்.

3. கரண்ட்

சிரிக்காதீர்கள், இதில் பாதிப் பேர் தப்பித்துவிடுவீர்கள். அதே பிளக்கில் போன் சார்ஜரைச் சொருகிக் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். யுபிஎஸ் இருந்தால் அதை விலக்கிவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் கொடுங்கள். யுபிஎஸ்ஸுக்குள் இருக்கும் பேட்டரிக்கு இரண்டு மூன்று வருடம்தான் ஆயுசு, அது செத்த பிறகு சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும்போது யுபிஎஸ் கத்திவிட்டு அணைந்துவிடும், நாம் கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டிருப்போம். பின்பக்கம் எஸ்எம்பிஎஸ்ஸில், அதாவது கம்ப்யூட்டருக்குள் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் தகர டப்பாவில், ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், ஒட்டடை அடித்தவர்கள் கைபட்டு அணைந்திருக்கலாம்.

அதன் பக்கத்திலேயே சில பழைய எஸ்எம்பிஎஸ்களில் சிவப்பு நிறத்தில் 115, 230 என்று எழுதிய இன்னொரு ஸ்விட்ச் இருக்கும். அதைத் தொடவே கூடாது. நம் ஊர்க் கரண்ட் 230 வோல்ட், அதை 115-இல் வைத்து ஆன் செய்தால் டப்பென்று ஒரு சத்தம், ஒரு கருகல் வாசனை, அவ்வளவுதான் எஸ்எம்பிஎஸ்.

கேபினட்டைத் தொட்டால் விறுவிறுவென்று இருக்கிறதா? பலர் வீட்டில் இருக்கிறது, யாரும் கண்டுகொள்வதில்லை. பிளக் பாயிண்டில் எர்த் இல்லை என்று அர்த்தம். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் தகரத்துக்கு லேசாகக் கரண்ட்டைக் கசியவிடும், எர்த் இருந்தால் அது பூமிக்குப் போகும், இல்லாவிட்டால் நம் விரலுக்கு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

இன்னொன்று, பட்டனே கெட்டிருக்கலாம். மதர்போர்டில் முன்பக்க வயர்கள் சொருகியிருக்கும் மூலையில் பவர் ஸ்விட்ச் என்று குறித்த இரண்டு கம்பி முனை உண்டு. வயரைப் பிடுங்கிவிட்டு அந்த இரண்டையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டால் ஆன் ஆகும். அப்படி ஆன் ஆகிவிட்டால் பட்டன்தான் கோளாறு. ரீசெட் பட்டனின் வயரை அங்கே மாற்றிச் சொருகிவிடுங்கள், செலவே இல்லை. பக்கத்துக் கம்பிகளில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. ரேம்

கடலோரத்தில் இருப்பவர்கள் இந்தப் படியை நிதானமாகச் செய்யுங்கள். போன ஐப்பசியில் எங்கள் கம்ப்யூட்டரின் கோளாறு இதுதான். ஃபேன் மூன்று நொடி சுற்றும், நிற்கும், மறுபடி மூன்று நொடி சுற்றும். திரையில் ஒன்றுமில்லை. போனில் விவரம் கேட்ட ஒருவர் "மதர்போர்டு போயிருக்கும், 4,500 ஆகும்" என்று கம்ப்யூட்டரைப் பார்க்காமலேயே சொல்லிவிட்டார்.

பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, வயரையே பிடுங்க வேண்டும். பிறகு பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து நொடி அமுக்கிப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் கரண்ட் வடிந்துவிடும். கேபினட்டின் பெயின்ட் இல்லாத தகரப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள், உடம்பிலுள்ள மின்னூட்டம் போய்விடும். நைலான் லுங்கி, பிளாஸ்டிக் பாய் எல்லாம் வேண்டாம்.

ரேமின் இரண்டு பக்கக் கொக்கியையும் வெளிப்பக்கமாகத் தள்ளினால் தானாக மேலே எழும்பும். ஓரத்தைப் பிடித்து எடுங்கள், தங்க நிறப் பற்களைத் தொடாதீர்கள். டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். எங்களுடையதில் வரிசையாகப் பளபளவென்று இருக்க வேண்டிய பற்களில் ஒரு முனையில் ஏழெட்டு மட்டும் மங்கிப்போய், விளிம்பில் பழைய செம்புக் குடத்தின் அடியில் படியுமே, அதே பச்சை. உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து செய்த வேலை. மேஜை மேற்கு ஜன்னலை ஒட்டிக் கிடந்தது, அது நம் தப்பு.

ரேமை மேஜையில் தட்டையாக வைத்து, வெள்ளை ரப்பரால் பற்களை மேலிருந்து கீழாக, அதாவது பல் நீண்டிருக்கும் திசையிலேயே, மெதுவாகத் தேயுங்கள். ரப்பரில் கறுப்பாக அழுக்கு இறங்கும். இரண்டு பக்கமும் தேய்த்துவிட்டு ரப்பர் துகளை பிரஷால் தட்டிவிடுங்கள். உப்புத்தாள், பிளேடு, வாயால் ஊதுவது மூன்றும் கூடாது. முலாம் மெல்லியது, உப்புத்தாள் அதை வழித்துவிடும், வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். ரேம் உட்காரும் பள்ளத்தையும் காய்ந்த பிரஷால் கூட்டிவிடுங்கள். என் பிரஷில் ஒரு பல்லி முட்டை ஓடும் ஏகப்பட்ட எறும்பும் வந்தன.

திரும்பப் போடும்போது ரேமிலுள்ள வெட்டும் பள்ளத்திலுள்ள மேடும் நேராக வர வேண்டும். இரண்டு பக்கமும் கட்டை விரலால் அமுக்கினால் கொக்கி டக் டக் என்று தானாக மூடும். அந்தச் சத்தம் கேட்கவில்லையென்றால் உட்காரவில்லை. இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள், பிறகு மற்றதை, பிறகு பள்ளத்தை மாற்றி. எது கெட்டது என்று இப்படித்தான் பிடிக்க முடியும்.

சில மதர்போர்டில் பீப் சத்தத்துக்கான சின்ன பஸ்ஸர் இருக்காது, இருபது முப்பது ரூபாய்க்கு வாங்கிச் சொருகினால் அதுவே பாதி நோயைச் சொல்லும். விடாமல் நீளமாகக் கத்தினால் அனேகமாக ரேம். பீப் கணக்கு ஒவ்வொரு பயாஸுக்கும் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும், மதர்போர்டின் சொந்த மென்பொருள்) வேறு, அதனால் உங்கள் மதர்போர்டின் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

தனியாக கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் வயர் அந்தக் கார்டில்தான் இருக்க வேண்டும். தூசி தட்டிவிட்டு மதர்போர்டின் விஜிஏவில் சொருகிவிட்டுத் திரை வரவில்லை என்று ராத்திரி முழுக்கத் தேடிய ஆளை எனக்குத் தெரியும். நான்தான்.

5. சிமாஸ் பேட்டரி: 40 ரூபாய் விஷயம்

மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் குறைந்த அளவில் வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும். சிஆர் 2032, 3 வோல்ட். வாட்ச் கடையில்கூடக் கிடைக்கும். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது தேதியையும் பயாஸ் செட்டிங்கையும் பிடித்து வைத்திருப்பது இதுதான். சில வருடத்தில் தீர்ந்துவிடும். மெயின் ஸ்விட்சை தினமும் அணைக்கும் வீடுகளில் சீக்கிரமே தீரும்.

அறிகுறி: தினமும் காலையில் தேதி பத்துப் பதினைந்து வருடம் பின்னால் போயிருக்கும், எஃப்1 அமுக்கச் சொல்லும், பிரவுசரில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்று மிரட்டும். இதுவரை எல்லோருக்கும் தெரியும்.

தெரியாதது இது. பேட்டரி தீர்ந்ததும் பயாஸில் எல்லா செட்டிங்கும் கம்பெனி கொடுத்த பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதில் ஹார்ட் டிஸ்க் எந்த முறையில் பேச வேண்டும் என்ற ஒரு செட்டிங்கும் அடக்கம். சாட்டா மோட் என்று இருக்கும், ஐடிஇ, ஏஎச்சிஐ என்று இரண்டு தேர்வு. ஏஎச்சிஐயில் போட்ட விண்டோஸ், செட்டிங் ஐடிஇக்கு மாறியதும் தன் டிஸ்க்கையே அடையாளம் தெரியாமல் நீலத் திரை காட்டிவிடும். 7பி எண் அதற்குத்தான். டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட அழிந்திருக்காது. செட்டிங்கை மாற்றினால் அப்படியே எழுந்து வரும்.

எங்கள் கம்ப்யூட்டருக்கு நடந்தது இதேதான். கடையில் ஐடிஇயிலேயே புதிதாக விண்டோஸ் போட்டார்கள், அதனால் ஓடியது, "சரியாகிவிட்டது". ஆனால் அதற்கப்புறமும் தினமும் காலையில் தேதி தப்பாக வந்தது, அதைக் கையால் திருத்திக்கொண்டே ஆறு மாதம் ஓட்டினேன். பேட்டரி மாற்றப் போகும்போது படித்தபோதுதான் இரண்டையும் முடிச்சுப் போட முடிந்தது. அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

செய்ய வேண்டியது: பிளக்கைப் பிடுங்கி, பேட்டரியின் பக்கத்திலுள்ள கொக்கியை நகத்தால் தள்ளினால் அது துள்ளி வெளியே வரும். ஐந்து நிமிடம் விட்டுவிட்டுப் புதியதை எழுத்துள்ள பக்கம் மேலாகப் போடுங்கள். ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2-ஐத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் வரும். தேதி, நேரம் திருத்துங்கள். சாட்டா மோட் என்ன என்று பார்த்துப் படம் எடுங்கள். நீலத் திரை தொடர்ந்தால் மற்றதற்கு மாற்றிப் பாருங்கள், சேவ் செய்து வெளியே வர எஃப்10. வேலை செய்யவில்லையென்றால் பழையபடி மாற்றிவிடலாம், இழப்பில்லை.

லோகோவிலேயே நிற்கும் கம்ப்யூட்டருக்கு இன்னொரு சோதனை: கீபோர்டு, மவுஸ், மானிட்டர் தவிர பென் டிரைவ், பிரிண்டர், மெமரி கார்டு ரீடர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஆன் செய்யுங்கள். மறந்துபோன ஒரு பென் டிரைவே பூட் ஆகாமல் நிறுத்திவைக்கும்.

6. எஸ்எம்பிஎஸ்

மழைக்காலக் காலையில் பட்டனை அமுக்கினால் வராது, பிளக்கில் சொருகிப் பத்து நிமிடம் விட்டால் வரும், ஒருமுறை வந்துவிட்டால் நாள் முழுக்க ஓடும். இப்படி இருந்தால் உள்ளே கெப்பாசிட்டர் கிழடாகிவிட்டது. மதர்போர்டிலும் டார்ச் அடித்துப் பாருங்கள், உருளை உருளையாக நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியோ பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் அதுதான் குற்றவாளி.

மல்டிமீட்டர் இருந்தால், மதர்போர்டிலிருந்து எல்லா வயரையும் கழற்றிவிட்டு, பெரிய 24 முனைக் கனெக்டரில் பச்சை வயரையும் ஏதாவது ஒரு கறுப்பு வயரையும் ஜெம் கிளிப்பால் இணைத்துவிட்டு அப்புறம் பிளக்கில் கரண்ட் கொடுங்கள், இந்த வரிசையில்தான். மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே 11.4-இலிருந்து 12.6 வரை, சிவப்புக்கும் கறுப்புக்கும் 4.75-இலிருந்து 5.25 வரை இருக்கலாம். அதற்கு வெளியே போனால் மாற்ற வேண்டியதுதான். ஃபேன் சுற்றுவதால் மட்டும் எஸ்எம்பிஎஸ் நல்லது என்று நம்பாதீர்கள்.

எஸ்எம்பிஎஸ் டப்பாவைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கும். 700, 800 ரூபாயில் புதியது வாங்கிவிடலாம். எடையைக் கையில் தூக்கிப் பாருங்கள், காகிதம் மாதிரி இருந்தால் வேண்டாம்.

7. சூடு

ஆன் ஆகி ஓரிரு நிமிடத்தில் தானாக அணைந்தால் பிராசசர் ஃபேனைப் பாருங்கள். தூசி, அல்லது நாலு மூலைப் பிளாஸ்டிக் ஊசியில் ஒன்று கழன்றிருக்கும். பிராசசருக்கும் அதன் மேல் உட்காரும் ஃபேன் பகுதிக்கும் இடையே பூசும் தெர்மல் பேஸ்ட் 100 ரூபாய்க்குள், அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பொட்டு போதும்.

8. ஹார்ட் டிஸ்க்: முதலில் காப்பி, பிறகு வைத்தியம்

பயாஸில் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா? தெரியாவிட்டால் சாட்டா வயரையும் பவர் வயரையும் கழற்றிச் சொருகுங்கள், வயரை மாற்றிப் பாருங்கள், 50, 60 ரூபாய்தான். டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஆன் செய்தால் லோகோ சட்டென்று தாண்டிப் போகிறதா? அப்படியானால் டிஸ்க்தான் இழுத்துப் பிடித்திருக்கிறது.

காதை வைத்துக் கேளுங்கள். டிக்... டிக்... டிக்... என்று ஒரே தாளத்தில் தட்டினால் உடனே அணையுங்கள். ஒவ்வொரு முறை சுற்றும்போதும் நிலைமை மோசமாகும். உள்ளே வேண்டிய கோப்பு இருந்தால் டேட்டா ரெக்கவரி செய்பவரிடம்தான் போக வேண்டும், அது ஆயிரக்கணக்கில் ஆகும். ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நம் ஊர் ஈரத்தில் வெளியே எடுத்த நிமிடமே வியர்த்துவிடும்.

சத்தம் இல்லை, பயாஸில் பெயர் தெரிகிறது, விண்டோஸ் மட்டும் வரவில்லை என்றால் நிம்மதி. விண்டோஸ் இல்லாமலேயே கோப்புகளைக் காப்பி எடுக்க, வேறொரு கம்ப்யூட்டரில் லினக்ஸ் மிண்ட் என்ற இலவச இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை இறக்கி, ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் பென் டிரைவில் எழுதுங்கள். 2012 வாக்கிலுள்ள கம்ப்யூட்டராக இருந்தால் ரூஃபஸில் எம்பிஆர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் வேறு கம்ப்யூட்டர் இல்லையென்றால் ஆண்ட்ராய்டு போனில் ஈட்ச்டிராய்டு என்ற ஆப்பும் பென் டிரைவைப் போனில் சொருக உதவும் ஓடிஜி வயரும் போதும். பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், காலியானதை எடுங்கள்.

ஆன் செய்ததும் எஃப்12, எஃப்11, எஃப்8 இதில் ஏதோ ஒன்று பூட் மெனுவைத் திறக்கும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் லினக்ஸ் அதிலிருந்தே ஓடும். டெஸ்க்டாப்பில் இன்ஸ்டால் என்று ஒரு படம் இருக்கும், அதைத் தொடாதீர்கள், தொட்டால் கடைக்காரர் செய்ததை நாமே செய்ததாகிவிடும். ஃபைல் மேனேஜரைத் திறந்தால் இடது பக்கம் உங்கள் டிஸ்க் தெரியும். யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயர், அதற்குள் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ். எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு இழுத்துப் போடுங்கள்.

அப்படியே விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் காப்பி எடுங்கள். அப்பாவின் பழைய கடிதங்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் தட்டியவை, டி டிரைவில் இருந்ததால் தப்பின. ஆனால் ஃபார்மட்டுக்குப் பிறகு திறந்தால் ஆங்கில எழுத்தும் புள்ளியுமாகக் கோழி கிண்டியது போல வந்தது. எழுத்துருவைத் தேடிப் போட்டபிறகுதான் தமிழானது.

நேரம்: பழைய யூஎஸ்பி 2 போர்ட்டில் 100 ஜிபி போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். டிஸ்க் சோர்ந்திருந்தால் ராத்திரி முழுக்க. அதனால் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை அறிவித்த நாளில் ஆரம்பிக்காதீர்கள். மின்னல் வெட்டும் சாயங்காலத்திலும் வேண்டாம். குலசேகரத்தில் அத்தை வீட்டில் கரண்ட் பிளக்கை ஒழுங்காகப் பிடுங்கி வைத்திருந்தார்கள், இன்டர்நெட் வயரை மறந்துவிட்டார்கள், இடி அந்த வழியாக வந்து மோடத்தையும் மதர்போர்டின் லேன் போர்ட்டையும் சேர்த்துக் கொண்டுபோனது.

காப்பி முடிந்த பிறகு லினக்ஸிலேயே டிஸ்க்ஸ் என்ற செயலியில் ஸ்மார்ட் விவரம், அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே எழுதி வைக்கும் குறிப்பு, பாருங்கள். ரீஅலோகேட்டட் செக்டர், பென்டிங் செக்டர் இரண்டும் பூஜ்யமாக இருந்தால் டிஸ்க் நல்லது. எண் இருந்து அது வாரா வாரம் கூடினால் டிஸ்க்குக்கு விடை கொடுங்கள்.

9. விண்டோஸ் பழுது

இப்போது பயமில்லை. விண்டோஸ் 10 இரண்டு மூன்று முறை பூட் ஆகாமல் தோற்றால் தானாகவே ரிப்பேர் திரைக்கு வரும். ஸ்டார்ட்டப் ரிப்பேர், சிஸ்டம் ரீஸ்டோர், சேஃப் மோட் என்று இதே வரிசையில் முயலுங்கள். கடைசி வழி ரீசெட். அதில் என் கோப்புகளை வைத்துக்கொள் என்பதைத் தேர்ந்தெடுங்கள், எல்லாவற்றையும் நீக்கு என்பதை அல்ல. அப்போதும் நீங்கள் போட்ட சாஃப்ட்வேர் எல்லாம் போகும். லேப்டாப்பில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க எண் கேட்கும், அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், முன்பே எழுதி வையுங்கள்.

10. கடைக்குப் போயே ஆக வேண்டும் என்றால்

திரையே வரவில்லை என்பதற்காகக் கொண்டு போகிறீர்களானால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அந்தக் கோளாறைப் பார்க்க டிஸ்க் தேவையில்லை. நாலு ஸ்க்ரூ, இரண்டு வயர்.

டிஸ்க்கோடு கொடுக்க வேண்டியிருந்தால் "கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது" என்று பெரிதாக எழுதிக் கேபினட் மேல் ஒட்டுங்கள். வாயால் சொன்னால் நம்மிடம் வாங்கியவர் ஒருவர், வேலை பார்ப்பவர் வேறொருவர். ஜாப் ஷீட்டில் ரேம் எத்தனை ஜிபி, டிஸ்க்கின் சீரியல் எண் என்ன என்று எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். பார்ப்பதற்கு மட்டும் எவ்வளவு, சரிசெய்ய எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். பார்க்கும் கூலி 200, 300 இருக்கலாம், நியாயம்தான். "மதர்போர்டு போச்சு" என்றால், வேறு ரேம், வேறு எஸ்எம்பிஎஸ் போட்டுப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திரும்ப வாங்குங்கள். புதுப் பாகத்துக்கு ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாரண்டி என்பது வெறும் பேச்சு. மதர்போர்டை மாற்றினால் விண்டோஸ் லைசன்ஸ் மறுபடி ஆக்டிவேட் ஆகாமல் போகலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

டிசம்பர் முதல் வாரம், கோட்டார் சவேரியார் திருவிழா சமயத்தில் நாகர்கோவிலில் கொடுத்தால் பத்து நாளுக்கு மறந்துவிடுங்கள். அதற்கப்புறம் கிறிஸ்துமஸ் வந்துவிடும்.

11. எவ்வளவு செலவு வரை செய்யலாம்

என் கணக்கு: போன ஐப்பசியில் ரேமுக்கு ஆன செலவு ரப்பர் 5 ரூபாய். அதோடு 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று 1,600-க்கு வாங்கிப் போட்டேன், விலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது, போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள். பழைய சாட்டா போர்ட்டிலும் எஸ்எஸ்டி வேலை செய்யும், முன்பு மூன்று நிமிடம் எடுத்தது இப்போது முப்பது நொடி. ஆனால் மதர்போர்டே போயிருந்தால் நான் விட்டிருப்பேன். இந்த வயது கம்ப்யூட்டருக்குப் புது மதர்போர்டு கிடைக்காது, பழையதைத்தான் தேடிப் போட வேண்டும், அது எத்தனை நாளைக்கு என்று விற்பவருக்கே தெரியாது.

விண்டோஸ் 10-க்கான சாதாரண ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும், நம் ஐ3 அந்தப் பக்கமே போக முடியாது. அதனால் லினக்ஸ் மிண்டையே எஸ்எஸ்டியில் போட்டுவிட்டேன். அப்பா இரண்டு நாள் முனகினார், பிறகு கணக்கு எழுதும் பக்கத்தை மட்டும் டெஸ்க்டாப்பில் பெரிதாக வைத்துக் கொடுத்ததும் முனகல் நின்றது. அந்தக் கணக்கின் காப்பி ஒன்று இப்போது வெளி டிஸ்க்குக்கும் போகிறது, ஒவ்வொரு வெட்டு முடிந்த அன்றைக்கும்.

பழைய 500 ஜிபி டிஸ்க்கை இரும்புக் கடையில் போடவில்லை. உங்களுடையதையும் போடாதீர்கள், பத்திரமும் ஆதாரும் அதில் இருந்தவைதானே. உயிருள்ள டிஸ்க் என்றால் முழுவதும் பூஜ்யம் எழுதி அழித்துவிட்டுக் கொடுக்கலாம். செத்தது என்றால் உள்ளே இருக்கும் வட்டுகளைச் சுத்தியலால் அடித்துவிட்டுக் கொடுங்கள், கண்ணுக்கு ஏதாவது மாட்டிக்கொண்டு, சில டிஸ்க்கில் வட்டு கண்ணாடி.